பக்கம் எழுபத்து மூன்று

இத்தாலிக் கதைகள் பதினொன்று.
நூலகத்தில் இருந்தது இரண்டே பிரதி.
ஒன்பது பேர் கைமாற்றி வாசித்ததில்
ஒன்றின் முதுகு விட்டுப்போயிற்று.
தேர்ந்தெடுத்தவள் நான்.
மெலிதாக இருந்தது என்பதுதான் காரணம்.
அழைப்பில் மட்டும் 'வாழ்வின் ஈரம்' என்று போட்டிருந்தேன்.

தோ பாயோ நூலகம், சனிக்கிழமை, மாலை நாலு.
ஏசியைக் குறைக்கும் பொத்தான் எங்கே என்று
யாருக்கும் தெரியவில்லை.

குணவதி டீச்சர் பேசுமுன்
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.
லூக்கா, லூச்சியா, லூச்சியானோ,
யார் யாருக்கு என்ன முறை என்று
மணிக்கட்டுவரை எழுதி வைத்திருந்தார்.
"மூணாவது கதையில மாமனார்னு நெனச்சது
கடைசியில நாய்.
அது தெரிஞ்சப்புறம்தான் கதை பிடிச்சுது."

கலீலுர் ரஹ்மானுக்கு நடையில் புகார்.
இத்தாலியிலிருந்து ஆங்கிலம்,
ஆங்கிலத்திலிருந்து நமக்கு.
"ஒரே தூள்ல மூணாவது கோப்பி, தங்கச்சி.
கலர் இருக்கு."
குறிப்பேட்டில் எழுதினேன்: கலர் இருக்கு.

ஒரு கொடிக்கயிற்றுக்காக இரண்டு பால்கனிகள்
முப்பது வருடம் பேசாமல் இருக்கும் கதை
எல்லாருக்கும் புரிந்தது.
கயிற்றை மூங்கில் கழி ஆக்கினால் எங்கள் புளோக் என்றார் ஒருவர்.
பிறகு இருபது நிமிடம் இத்தாலி இல்லை;
ஒன்பதாம் மாடியிலிருந்து சொட்டும் துணிதான்.

அடிக்குறிப்பு நாலில் 'ஒருவகைக் கொட்டை' என்றிருந்ததற்கு
டெல்பின் சாட்சியம் கொண்டுவந்திருந்தாள்:
எம்ஆர்டி வாசலில் கருமணலில் வறுத்த கஷ்கொட்டை,
பை அடியில் இன்னும் சூடாக.
உணவுக்குத் தடை என்று சுவர் சொன்னதால்
முகர்ந்து முகர்ந்து அடுத்தவரிடம் தந்தோம்.

ரயில் பனியில் நின்றுபோகும் கதையில்தான் சண்டை.
"பனிக்கெல்லாம் ரயில் நிக்குமா?"
எட்டு பக்கம் வரை அவர்
மார்கழி விடியலில் இருந்திருக்கிறார்.
புல் நுனியில் இருப்பதும் பனி,
மூச்சுக்கு முன்னால் போவதும் பனி,
ஊரையே மூடி வைப்பதும் பனி.
இந்தத் தீவில் மூன்றுமே இல்லை.
உறைபனி என்றார் ஒருவர்.
வெண்பனி என்றார் இன்னொருவர்.
ஸ்னோன்னே போட்டிருக்கலாம் என்றாள் டெல்பின்.
வாக்கெடுப்பு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பக்கம் எழுபத்து மூணு."

கதவோரத்து நாற்காலி. தவசியாண்டி.
ஜூரோங் குளிர்கிடங்கில் மீன்பெட்டி இறக்குபவர்,
மைனஸ் இருபத்திரண்டில்.
மூன்று மாதமாக வருகிறார், பேசியதில்லை.
நாங்கள் பக்கம் தேடும் சத்தம் அடங்கும்வரை
பொறுத்திருந்து, வரிக்கு அடியில்
விரல் வைத்து வாசித்தார்:

'அடுப்பருகே அமர்ந்தான்.
விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
வந்த ஒவ்வொன்றும் அவனை அடித்தது.'

"இது சரி" என்றார்.
"உள்ள நிக்கிறப்ப வலிக்காது.
வெளிய வந்தப்புறம்தான்.
சுண்டுவிரல் கடைசியா வரும்."

கொஞ்சம் நிறுத்தி,
"எழுதுனவருக்குத் தெரிஞ்சிருக்கு.
நடுவுல ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்கள்ல,
அவங்களும் அதைக் கீழ போடல."

கலீல் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
டீச்சர் கையை மூடிக்கொண்டார்;
லூச்சியா யாருக்கு என்ன வேண்டும் என்று
அதற்குப் பிறகு பார்க்கவேயில்லை.
இரவு ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று
தவசியாண்டி எழுந்து போனார்.
கஷ்கொட்டைப் பையை டெல்பின்
லிஃப்ட்வரை ஓடிப்போய்க் கொடுத்தாள்.

அறிக்கை இன்னும் முடியவில்லை.
மொழிபெயர்ப்பு குறித்த கருத்து என்ற இடத்தில்
கலர் இருக்கு என்பதை அடித்துவிட்டு
எதுவும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

இரவு, ஃபிரிட்ஜின் மேல்தட்டில்
கெண்டைப் பொட்டலத்துக்கும் ஐஸ் தட்டுக்கும் நடுவே
கையை வைத்து முந்நூறு எண்ணினேன்.
பிறகு மூடிவிட்டு நின்றேன்.

என்ன தேடுறே, என்றது ஹாலிலிருந்து குரல்.

ஒன்றுமில்லை.
நாலு வந்துவிட்டன.