ஏழாவது துளை

திட்டப்படி ஆறு.
அட்டைப்பெட்டியிலும் ஆறுதான் இருந்தன.

தண்டர் பேயில் நவம்பர்
நாலரை மணிக்கே கடையைச் சாத்திவிடும்.
அடுக்களை நடுவில் ஒற்றைக் குமிழ் விளக்கு,
வெங்காயம் நறுக்குகிறவளின் முதுகுக்குப் பின்னால் எரிந்து
அவள் நிழலையே பலகையில் போடும்.
"பதினோரு வருஷமாய் என் நிழலைத்தான் நறுக்குகிறேன்"
என்றாள் தூலா.
சண்டையாகச் சொல்லவில்லை,
மளிகைச் சீட்டை வாசிப்பதுபோலச் சொன்னாள்.
சனிக்கிழமை கடைக்குப் போனேன்.

துளை ரம்பம் அர்வோவிடம் இரவல்.
கொடுக்கும்போதே சொன்னான்:
"முதல் துளைவரைதான் அது உன் வீடு.
பிறகு வீட்டின் இஷ்டம்."
காகித ஆலையில் என்னோடு இரவு ஷிப்ட் பார்க்கிறவன்.
எதைச் சொன்னாலும் பாதிதான் புரியும்.

மின்சாரத்தை நிறுத்தினோம்.
ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியபிறகுதான்
இத்தனை நாளும் வீட்டுக்குள் யாரோ
பேசிக்கொண்டே இருந்தது தெரிந்தது.

சுவருக்குச் சுவர் நூல் பிடித்து
சீலிங்கில் பென்சிலால் ஆறு பெருக்கல் குறி.
உள்ளே கட்டை இருந்தால் பீப் என்னும் கருவி
பீப் என்றது. இல்லை என்றது.
என் மோதிரத்துக்கும் ஒருமுறை பீப் என்றது.
"அதை நம்பாதே" என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.

ஐஸ்கிரீம் டப்பாவின் அடியை ஓட்டையாக்கி
ரம்பத்தில் மாட்டியிருந்தேன், தூசுக்காக.
அப்படியும் புருவம் நரைத்துவிட்டது.
அப்பளம்போல ஒரு வட்டம் கையில் விழுந்தது.
மேலே கருப்பு.
விரலை விட்டுப் பார்த்தேன்:
குளிர், பஞ்சு,
எதையும் பிடித்துக்கொள்ளாத பழைய ஆணி ஒன்று.

இரண்டு. மூன்று. நான்கு.
கை பழகினால் கண் சோம்பும்.
ஐந்தாவதில் ரம்பத்தின் குரல் மாறியது,
சோற்றில் கல் கடிபட்டதுபோல.
துளையில் பாதிக்குக் குறுக்கே மரம்.
விளக்கின் ஸ்பிரிங் காதுகள் ஏற இடமில்லை.
நான் ஏணியில் நின்றேன்.
அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
ரொம்ப நேரம்.

ஐந்தைத் தள்ளினால் வரிசை கோணும்.
வரிசையைக் காப்பாற்றினால் ஐந்து எரியாது.
"தள்ளு" என்றாள். "மீன் வெட்டுவது அங்கேதான்."

ஆறங்குலம் தள்ளி மறுபடி அறுத்தேன்.
கம்பியை வீண்துளை வழியாகத்தான் செலுத்தினேன்.
புதுத்துளைக்குள் கையை விட்டுக் காத்திருந்தவள்
எங்கள் கூரைக்குள், இருட்டில்,
என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள்.
"இது கம்பி இல்லை."
"இல்லை."
கொஞ்சம் தாமதமாக விட்டாள்.

அறுத்த வட்டத்தையே திரும்ப வைத்து மூடினேன்.
விளக்குக்கு இடம் தராத அதே கட்டைதான்
ஒட்டுக்குத் திருகாணியைப் பிடித்துக்கொண்டது.
பூச்சு, உப்புத்தாள், பூச்சு.
மூன்று நாள் கழுத்து என்னுடையதாக இல்லை.
அதே வெள்ளை என்று பெயிண்ட் டப்பா சொன்னது.

புதன்கிழமை, நாலே முக்கால்.
ஸ்விட்சைத் தட்டியதும்
ஃப்ரிட்ஜின் தலையில் இரண்டு வருஷத் தூசு.
சுவர் நேராக இல்லை.
எங்கள் கண்ணடியில் குழிகள்,
இருவருக்கும் பாரபட்சமில்லாமல்.
மேலே ஐந்துக்குப் பக்கத்தில்
தட்டை எடுத்தபின் மேஜையில் நிற்கும் ஈரம்போல
மெல்லிய வளையம்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் ஒரு வெங்காயத்தை இரண்டாக வெட்டி
வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இது இவ்வளவு ஊதாவா?"
பிறகு திருகியைப் பாதிக்கு இறக்கினாள்.
குழிகள் போயின. வளையம் போகவில்லை.

ஞாயிறன்று ரம்பத்தை வாங்க அர்வோ வந்தான்.
கோட்டைக் கழற்றுமுன்பே அண்ணாந்தான்.
ஆறு விளக்கையும் விட்டுவிட்டு
விரலை நேரே அங்கே நீட்டினான்.
"அது என்ன?"

"ஏழாவது" என்றாள் தூலா,
காபி ஊற்றிக்கொண்டே.
"இன்னும் எரிய ஆரம்பிக்கவில்லை."

அர்வோவுக்குப் பாதி புரிந்திருக்கும்.
மிச்சமிருந்த ஆறு வட்டங்களில் ஒன்றை இழுத்து
கோப்பையை அதன்மேல் வைத்தான்.
மேஜையெல்லாம் வெள்ளை மாவு.