டிக்கியில் ஐந்து கொடி

அர்த்தநாரி என்று பேர் வைத்தவர்களுக்கு
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.
எந்தக் கட்சியிலும் அவர் பாதிதான் இருந்தார்.

முப்பத்தொரு வருஷம் ஓட்டுகிறேன்.
வண்டி மூன்று மாறியது, கொடி ஐந்து.
பழசைத் தூக்கிப் போட விடமாட்டார்.
"இருக்கட்டும் மாதேசு" என்பார்.
ஸ்டெப்னிக்கு அடியில்
பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன்.

சேகோ ஆலை நில வழக்கில் உள்ளே போன அன்று
ஜெயில் வாசலில் சரவெடி கொளுத்தியவன்,
ஜாமீனில் வந்தபோது
ஆரத்தித் தட்டோடு பெண்களைக் கூட்டி வந்தான்.
நடுவில் கூட்டணி மாறியிருந்தது,
அவ்வளவுதான்.

மேடையில் இத்தனை திரும்பியவருக்கு
ஏற்காட்டுப் பாதையில் தலை சுற்றும்.
ஆறாவது கொண்டை ஊசிக்குள் எலுமிச்சம்பழம் வேண்டும்.
ஒன்பதில் நிறுத்தச் சொல்லி
தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு
கீழே தெரியும் சேலத்தைப் பார்த்து வாந்தி எடுப்பார்.
ஓட்டுப் போட்ட ஊர்.
நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நேற்று ராத்திரி மறுபடி மேலே அழைப்பு.
ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களா,
யாருடையது என்று நான் சொல்லக் கூடாது.
அடிவாரச் செக்போஸ்டில்
இருந்த கொடியைக் கழற்றச் சொன்னார்.
கழற்றிவிட்டுக் கேட்டேன்:
"எதை மாட்டட்டுங்க?"

எழுபத்தெட்டு வயது.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
துடைத்ததையே துடைத்தார்.
"போய்ட்டு வந்து சொல்றன்."

வெறும் கம்பியோடு ஏறினோம்.
பனிக்காற்றில் அது விசிலடித்துக்கொண்டே வந்தது.
ஆறு போயிற்று. ஒன்பது போயிற்று.
இருபதும் தாண்டி ஏரி தெரிந்துவிட்டது.

எலுமிச்சம்பழம்
என் சட்டைப் பையிலேயே இருந்தது.