தடையில்லாச் சான்று

பதினொரு நாளாய் இந்தத் தாள்
என் சட்டைப் பையில் கிடக்கிறது.
ஐஸ் பெட்டி தூக்கும் சட்டை.
நாலாய் மடித்த மடிப்பில்
சூடை மீனின் செதில் ஒன்று ஒட்டி
மாவட்டச் சங்கத்தின் முத்திரைக்குப் பக்கத்தில்
இன்னொரு முத்திரை மாதிரி மினுங்குகிறது.

'கிளாத்திவலசை கால்பந்துக் குழுவிலிருந்து
மேற்படி ஆட்டக்காரர் விலகிச் செல்வதில்
எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.'
கீழே, செயலாளர் கையொப்பம்.
செயலாளர் நான்தான்.
பந்துக்குக் காற்றடிப்பதும் நான்தான்.

மேற்படி ஆட்டக்காரர், நம்புராஜன்.
இடது கால்.
வத்தம் இறங்கிய மணலில்
நண்டு வளையில் இடறிப் பந்து திரும்பும் திசை
பந்துக்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

கேட்டு வந்தது துறைமுக அணி.
தனிப் பேருந்தில் வருகிறவர்கள்,
குடிதண்ணீரைக் கேனில் கொண்டுவருகிறவர்கள்.
முதுகில் இறால் கம்பெனியின் பெயர்.
போன வருடம் ஒன்பதுக்குப் பூஜ்யம்.
அதற்கு முந்தைய வருடம் ஏழு;
அன்று காற்று எங்கள் பக்கம்.

அதைக்கூடப் பொறுத்தேன்.
அவர்கள் மாற்று பெஞ்சில்
எங்கள் சீனி உசேன், எங்கள் இருளாண்டி.
கசங்காத பனியன், மண் படாத பூட்ஸ்.
தொண்ணூறு நிமிடமும் உட்கார்ந்தே இருந்தார்கள்.
எங்களிடம் ஆடாமலிருக்கச் சம்பளம்.

படகில் பங்கு பிரிக்கத் தெரியும் எங்களுக்கு.
படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு,
காய்ச்சலில் கிடப்பவன் வீட்டுக்கும் குழம்புக்கு மீன்.
எட்டு வயதிலிருந்து அவனை ஓடவிட்ட மணலுக்கு
என்ன பங்கு என்று
சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
பதினான்காம் பக்கத்தில்
பூட்ஸ் ஆணியின் நீளம் இருக்கிறது.

நம்பு வந்து கேட்கவில்லை.
அதுதான் கஷ்டம்.
அவன் அப்பாவின் இன்ஜின் கடனுக்கு மாசம் எட்டாயிரம்;
கம்பெனி பதினைந்து தருகிறதாம்.
எதிர்ப்பட்டால் கச்சானைப் பற்றிப் பேசுகிறான்.
கச்சான் கிளம்பினால் நாங்களே
தென்கடல் வள்ளங்களை வடகடலுக்குக் கொண்டுபோகிறோம்.
யாரிடம் சான்று கேட்டோம்?
ஊர்ப் பெயரின் வாலிலேயே வலசை இருக்கிறது.

இருந்தும் நேற்று ராத்திரி
ஆட்சேபணை எழுத உட்கார்ந்தேன்.
'பலமுள்ள அணி பலமில்லாத அணியை...'
மூன்றாம் வரியில் வாசலில் சைக்கிள் மணி.
முடுக்குத்தோப்புப் பையன்,
கடல்பாசி எடுக்கிற வீட்டுப் பிள்ளை,
பார் கிழித்த காலில் துணிக்கட்டு.
"அண்ணே, ஞாயித்துக்கிழமை மாதா கோயில் கப்பு.
ஆறு பேருதான் இருக்கோம்.
கிளிண்டனை ஒருநாள் மட்டும் விடுங்களேன்."

கிளிண்டன் எங்கள் கோல்காரன்.
ரெண்டு வருடத்துக்கு முன்
ஒரு ஜோடிக் கையுறையும்
திருவிழாவுக்கு ஒரு சட்டையும் கொடுத்து
நான்தான் கூட்டிவந்தேன்.
தாள் எதுவும் கேட்கவில்லை.
அவர்களுக்கு முத்திரை கிடையாது, செயலாளர் கிடையாது.
பாதி ஆட்டங்களில் அவனையும்
உட்காரத்தான் வைத்தேன்.

"அவன் வளர்ச்சிக்குத்தானே தம்பி" என்றேன்.
வாயைவிட்டு வந்தபிறகுதான் தெரிந்தது,
போன மாதம் பேருந்திலிருந்து இறங்கி
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
துறைமுக அணி மேலாளர் என்னிடம் சொன்னது அது.
அந்தத் 'தம்பி' உட்பட.

பையன் கோபப்படவில்லை.
சைக்கிளைத் திருப்பினான். செயின் கழன்றது.
குனிந்து மாட்டினான், நான் டார்ச் பிடித்தேன்.
ரொம்ப நேரம் ஆனது.

இன்று காலை
நம்புவின் தாளில் கையெழுத்துப் போட்டேன்.
ஈரத்தில் மை பரவி
என் பெயர் பாதிதான் தெரிகிறது.
செல்லுமோ என்னவோ.
அப்புறம் நோட்டிலிருந்து இன்னொரு தாள் கிழித்து
முடுக்குத்தோப்புக்கு ஒரே வரி எழுதி
மீன் வண்டியில் கொடுத்தனுப்பினேன்.

ஞாயிறு எங்களுக்கும் ஆட்டம் இருக்கிறது.
சாக்கிலிருந்து பழைய கையுறையை எடுத்து
மாட்டிப் பார்த்தேன்.
கட்டைவிரல் நுழைய மறுக்கிறது.