கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கம்

முன்பக்கங்களில் இருபடிச் சமன்பாடு.
கடைசிப் பக்கத்தில்
என் கடை.

அரை லிட்டர் டின், ஐம்பத்தொன்பது சென்ட்.
தொங்குரயில் நிலையத்துக்கு எதிரே
சூப்பர்மார்க்கெட்டில் பின்னேரம் ஆறு வாங்குவேன்.
மறுநாள் முதற்பாடத்துக்கு முன்
சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால்
ஒன்றரை யூரோ.
குளிர்ந்ததென்றால் பத்து சென்ட் கூட.
ஜனவரியில் அதற்கு எனக்குச் செலவில்லை,
இரவு ஜன்னல் விளிம்பில் வைத்தால் போதும்.

நீலக் கோடு: காசு தந்தவன்.
சிவப்புக் கோடு: கடன்.
யானிக்கின் பெயருக்கு நேரே
கோடுகள் வேலி மாதிரி நின்றன.

அவன் இரவு மூன்று மணிவரை விளையாடுவான்.
திரைக்குள் ஒரு கோட்டையைப் பிடித்துவிட்டு
காலையில்
பார்மென் குன்றின் நூற்றுச்சொச்சம் படிகளில்
தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வருவான்.
"ரெண்டு தா" என்பான்.
தந்தேன்.
விற்கிறவனுக்கு வாங்குகிறவனின் கண் தெரியாது,
கை மட்டும்தான்.

நலவாழ்வு வாரம் வந்தது.
திருமதி ப்ரோய்க்கர் பெரிய மஞ்சள் அட்டை தந்தார்.
எங்கள் குழுவில் சித்திரம் வருவது எனக்குத்தான்.
ஒரு அப்பிள் வரைந்தேன்,
அதற்குப் பல்லும் சிரிப்பும் வைத்தேன்.
"உன் உடம்பு உன் நண்பன்" என்ற வரியை
லேயா தடித்த எழுத்தில் நிரப்பினாள்.
மேசைக்கடியில் என் பை
மூன்று கிலோ கனத்தது.
அப்பிள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வியாழன், ஆயிரம் மீட்டர்.
மழை விட்ட ஓடுபாதை.
மூன்றாம் சுற்றில் யானிக் நின்றான்,
பிறகு குந்தினான்,
எதையோ தொலைத்தவன் போல
ஈரத்தில் கையை ஊன்றி.
பின்னால் ஓடி வந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து
பாலத்தூணைச் சுற்றும் வூப்பர் ஆறு போல
அவனைச் சுற்றிப் போனார்கள்.
நானும் போனேன்.
பத்தடி.
கால் தானாக நின்றதா, நான் நிறுத்தினேனா,
இன்றைக்கும் தெரியாது.

"தொட்டுப் பார்" என்று
என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான்.
உள்ளே யாரோ
பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அவனுக்கு இரண்டு டின், குளிர்ந்தவை.
மூன்று யூரோ இருபது.
எனக்கு மிச்சம் இரண்டு யூரோ இரண்டு சென்ட்.
அந்த நேரத்திலும் என் தலை
சரியாகத்தான் கழித்தது.

வைத்தியர் பெரிதாக ஒன்றுமில்லை என்றாராம்.
தூங்கு என்றாராம்.
யாரும் யார் விற்றது என்று கேட்கவில்லை.

திங்கள் கொட்டகைக்குப் பின்னால் வந்தான்.
கொப்பியைத் திருப்பிக் காட்டினேன்.
"ஒரு டின்னுக்கு உன்னிடம்
தொண்ணூற்றொரு சென்ட் எடுத்திருக்கிறேன்.
குளிர்ந்ததென்றால் இன்னும் பத்து."
அவன் வேலியை விரலால் எண்ணிப் பார்த்தான்.
"விலை தெரியும்டா.
அந்தக் கடைக்கு மேல்மாடிதானே எங்கள் வீடு."
"பிறகேன் என்னிடம் வாங்கினாய்?"
தோளை உயர்த்தினான்.
"காலையில் எனக்காக ஒருத்தன் நிற்பான்."

அதை எந்தக் கோட்டில் எழுதுவது?

இப்போதும் ஏழே முக்காலுக்கு நிற்கிறேன்.
பையில் குழாய்த் தண்ணீர், ஒரே போத்தல், இரண்டு பேருக்கு.
இரும்பு மணக்குது என்று முகம் சுளிக்கிறான்,
குடிக்கிறான்.
நேற்றுப் பன்னிரண்டரைக்குப் படுத்தானாம்.
பொய்யாகவும் இருக்கலாம்.
செமில் வந்து "இருக்கா?" என்றான்,
இல்லை என்றேன்,
எட்டாம் வகுப்புப் பொடியன் ஒருவனிடம்
இரண்டு யூரோ கொடுத்து வாங்கிக்கொண்டு போனான்.

கடைசிப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று
நேற்றிரவு விளிம்பைப் பிடித்தேன்.
கிழிக்கவில்லை.
அதன் மறுபக்கத்தில்
நான் இன்னும் தீர்க்காத ஒரு சமன்பாடு இருக்கிறது.