பெயரடைவு

தபால் நிலையத்துக்கு எதிரே என் மேசை.
மனு எழுதப் பத்து ரிங்கிட், வயசானவர்களுக்கு ஐந்து,
அழுதால் சும்மா.
ஊருக்கே இரண்டு பெயர். பலகையில் பெஸ்தாரி ஜெயா,
வாயில் பத்தாங் பெர்ஜுந்தை.

துரை பங்களாவை இடித்தபோது
பழைய பேப்பர்க்காரனிடம் எடைக்கு வாங்கினேன்
அட்டை போன ஒரு சரித்திரப் புத்தகம்.
ஆள் வராத நேரத்தில் அதன் பெயரடைவைப் படிப்பேன்.

ஆஸ்வல்டு, அரசன்.
ஆஸ்வல்டு, ஆயர்.

நடுவே முந்நூற்றைம்பது வருஷம்.
அரசனை வெட்டி
தலையையும் கையையும் கழியில் ஏற்றினார்களாம்.
ஆயர், ஏழைகளின் காலைக் கழுவிய இடத்திலேயே
உயிரை விட்டாராம்.
எக்பர்ட்டுகளைத் தொட்டால் எனக்குத் தலை சுற்றும்.

நேற்று சடையன் வந்தார்.
சடையன் அனாக் லெலாக்கி வீரன்.
எந்தச் சடையன் என்று கேட்க அவசியமில்லை.
மண்டோர் சடையன் போன புதன்கிழமை போய்விட்டார்;
அவர் அப்பாவும் ஒரு வீரன்.
இவர் மருந்தடிச் சடையன், முனியாண்டி கோயில் பூசாரி.

முப்பது வருஷம்
இருட்டு விலகாத பெரட்டில்
மண்டோர் தன் பெயரையே சத்தமாகக் கூப்பிடுவார்.
இவர் "ஐயா" என்பார்.
தாமதமானால் அரைநாள் வெட்டு.
"என் பேரை வெட்டினான்னு சொல்ல முடியுமா?
அவன் பேரும் அதானே!"

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார்.
வங்கிக் கணக்கு முடக்கம்.
மெண்டியாங் சடையன் என்று அச்சாகியிருந்தது.

எப்படி?
"மகனுங்க ஜொகூர் நெடுஞ்சாலையில மாட்டிக்கிட்டானுங்க.
நான்தான் குளிப்பாட்டினேன், கால்ல ஒரே செம்மண்ணு,
தேச்சுத் தேச்சுக் கழுவினேன்.
அப்புறம் சாவைப் பதியப் போனேன். ஐசி கேட்டாங்க,
பையில இருந்ததைக் குடுத்தேன்.
பேரு சரியா இருக்குன்னுட்டாங்க."

அவர் சிரித்தார். எனக்குத்தான் வரவில்லை.
மலாயில் தட்டச்சு செய்தேன்:
கீழே கைநாட்டு இடும் சடையன் ஆகிய நான்
உயிரோடு இருக்கிறேன்.
பெயருக்குப் பின்னால், பழக்கதோஷம்,
ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டது.
தொழில் என்ன போடட்டும், பூசாரியா?

"வேணாம்மா. கோயில் நிலத்தையும் சேர்த்து வித்தாச்சு."

பெருவிரல் மையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்.
அழவில்லை என்பதால்
ஐந்து ரிங்கிட்டைப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டு
பேருந்தைப் பிடிக்க ஓடினார்.
காற்புள்ளியை நான் அழிக்கவில்லை.