மூன்றாவது குழாய்

ஈசூன், பலமாடி கார் நிறுத்தம், நான்காம் தளம்.
இரவு பதினொன்றே கால்.
டேங்க்கைக் கழற்றி
என் பழைய யூனிஃபார்ம் சட்டைமேல் கிடத்தியிருக்கிறேன்.
கார்புரேட்டர் கிண்ணங்களில் மீந்த பெட்ரோல்
இரண்டு மூன்று நிமிடம் தாங்கும்.
அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

நாலு சிலிண்டர் சூப்பர் ஃபோர்.
மூன்று பேசுகின்றன, ஒன்று விக்குகிறது.
"மழைக்கு அப்படித்தான் இருக்கும்,
ஓட ஓடச் சரியாகிடும்" என்றார் விற்ற ஜெகதீசன்.
எட்டு நாளாய் ஓட்டுகிறேன், துவாஸுக்கும் வீட்டுக்கும்.
மழை நின்றே ஐந்து நாள்.

கோப்பிக்கடைப் பையில் ஐஸ் கரைந்த மிச்சம்.
ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கி
குழாய்க்கு ஒரு சொட்டு.
முதல் குழாய்: சுர்.
இரண்டு: சுர்.
நான்கு: சுர்ரென்று ஒரு துள்ளல்.
மூன்றில் மட்டும் சொட்டு சொட்டாகவே இருந்தது,
பிறகு மெல்ல வளைவில் இறங்கி
பழுப்பாய் ஒரு கோடு கிழித்து நின்றது.

ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.
ஏன் என்பதுதான் பாக்கி.

பிளக்கைத் திருகி எடுத்தேன். ஈரம்.
பெட்ரோல் வந்து, காத்திருந்து, நனைத்துவிட்டுப் போயிருக்கிறது.
துளையைக் கட்டைவிரலால் மூடி ஸ்டார்ட்டரை அழுத்தினால்
விரலைத் தள்ளிவிடுகிறது காற்று.
வரவேண்டியதெல்லாம் வந்திருக்கிறது,
தீயைத் தவிர.

காயிலா?
இரண்டும் மூன்றும் ஒரே காயிலில் உண்பவை.
அது செத்திருந்தால் இரண்டும் அல்லவா பட்டினி.
பிளக்கைத் துடைத்து
இரண்டாவதன் பிளக்கோடு மாற்றிப் போட்டேன்.
விக்கல் இடம் மாறவில்லை.
தொப்பியைப் போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கீறல் இல்லை. அப்படித்தான் நினைத்தேன்.

எதிர் பிளாக்கில் யாரோ ஜன்னலைப் படாரென்று சாத்தினார்கள்.
இன்னும் ஒரு நிமிடம், என்று அவர்களிடம் மனசுக்குள் சொல்லி
எஞ்சினை ஓடவிட்டு
சும்மா நின்றேன்.
போனில் நாலு சதவீதம், அணைத்துவிட்டேன்.

இங்கே விளக்குகளுக்கு அசைபவர்களை மட்டுந்தான் தெரியும்.
என் தலைக்கு மேலிருந்தது மங்கியது,
தூணுக்கு அப்பாலிருந்தது மங்கியது,
வரிசையாக, யாரும் இல்லையென்று முடிவுகட்டி.

அப்போது பார்த்தேன்.
மூன்றாவது தொப்பியின் கழுத்தில்
மயிரிழை நீலம்.
டிக். டிக். டிக்.
எஞ்சின் தலைக்குத் தாவி அங்கேயே அடங்கியது.
தீ வராமலில்லை.
வாசல்வரை வந்து
பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

அடிப்பாவி என்று குனிந்தேன்.
விளக்குக்குத் தெரிந்துவிட்டது.
தளமெல்லாம் வெள்ளை, நீலத்தைக் காணோம்.
பரவாயில்லை, இடம் மனப்பாடம்.

டெலிவரி முடித்து ஏறிவந்தார் ஒன்பதாம் மாடி சுல்கர்னைன்.
அவர் பெட்டியின் மூடியே கறுப்பு டேப்பில்தான் நிற்கிறது.
எவ்வளவு வேண்டும் என்று மலாயில் கேட்டார்.
பூக்காரி மாதிரி முழங்கையை நீட்டி அளந்தேன்,
ஒரு முழம்.
சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு சாண் கிழித்துத் தந்தார்.

புதுத் தொப்பி சனிக்கிழமை, உபியில் யாரிடமாவது இருக்கும்.
ஜெகதீசனுக்கு ஒரு செய்தி எழுத நினைத்தேன்,
போன் அணைந்திருந்தது நல்லதுக்குத்தான்.

டேங்க். ஹோஸ். சாவி.
ஒன்று, இரண்டு, நான்கு.
பிறகு, பந்திக்குத் தாமதமாய் வந்தவர்போல், மூன்று.
காதை நான் நம்பவில்லை.
எட்டு நாளும் "ஓடுதுல்ல" என்று சமாதானம் சொன்ன காது அது.

காத்திருந்தேன்.
மூன்றாவது குழாயின் வளைவில்
ஒட்டிக்கிடந்த பழுப்புக் கோடு
முதலில் கறுத்தது, அப்புறம் புகைந்தது.

நான்காம் தளம் முழுக்க
கோப்பி கருகும் வாசம்.