சீட்டு எண் 212

தணிக்கைத் தாள் ஆறாம் பருவத்தில் வந்தது.
தேவனாம்பட்டினத்துக் காற்று
நம்மைக் கேட்காமல் பக்கம் புரட்டும் வகுப்பறை.
ஒரு கையால் நோட்டை அமுக்கிக்கொண்டு
மறு கையால் எழுதினோம்:
எல்லாவற்றையும் பார்க்க முடியாது.
நூற்றில் பத்தை எடு. எடுத்ததை விடாதே.
சகாயராணி காதருகே சொன்னாள்,
கூடையில் ரெண்டு மீனுக்குச் செவுள் தூக்கிப் பார்த்துவிட்டு
மொத்தக் கூடைக்கும் விலை பேசுவதுதானே இது,
இதுக்கு எதுக்கு எழுபது மார்க்?

மார்ச் முப்பத்தொன்று, இரவு.
இருபது நாள் பயிற்சிக்கு என்று
இம்பீரியல் ரோடு ஆடிட்டர் ஆபீஸ் எங்களை அனுப்பிய இடம்
முதுநகர் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரி.
இருப்புப் புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாளம்.
நாங்கள் எண்ணியது முந்நூற்று ஒன்பது.
மறுபடி எண்ண நிமிர்ந்தபோது
செருப்புக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது இருப்பு.
"உண்மையும் நியாயமுமான தோற்றம்" என்று
சகாயராணி தண்ணீரைக் காட்டினாள்.
சிரித்தோம். மூச்சு புகையாய் வந்தது.

மறுநாள் சான்றாய்வு.
கூலிச் சீட்டுகள், பச்சை மைப் பேனா.
தேதி, தொகை, ஒப்புதல், பெற்றவர் கையொப்பம்.
சரி. சரி. சரி.
பச்சை ஒரு பழக்கமாகிவிடுகிறது,
கண்ணுக்கு முன்னே கை போய்விடுகிறது.

212.
ச. அஞ்சலாட்சி. ஐஸ் உடைப்பு.
ஜனவரி ஒன்பது முதல் இருபது வரை
பன்னிரண்டு நாள், நானூற்றைம்பது வீதம்
ஐயாயிரத்து நானூறு.
கீழே ஊதா நிறத்தில் ஒரு பெருவிரல்.

அந்தப் பன்னிரண்டு நாளும் என் அம்மா
அரசு ஆஸ்பத்திரியில் டெங்குவோடு கிடந்தாள்.
கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம்
டிரிப்ஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனவள் நான்.
இன்னொன்று,
என் அம்மா கைநாட்டு வைப்பதில்லை.
மகளிர் குழு நோட்டில் ஒவ்வொரு செவ்வாயும்
"ட்" மேல் புள்ளியை ஆணி அடிப்பதுபோல் அழுத்தி
முழுப்பெயர் எழுதுகிறவள்.

எனக்குத் தெரிந்தது சான்று அல்ல.
வேறொருவர் தாளில் பார்க்க முடிவதுதான் சான்று.
இதையும் கையை அமுக்கிக்கொண்டு எழுதியிருக்கிறேன்.
கேள்விக்குறி போட்டால்
மேஸ்திரிக்கு நாளைக்கே தெரியும் யார் மகள் என்று,
நாளன்றைக்கு அம்மாவுக்கு வேலை இருக்காது.
சரி போட்டால்
இதுவரை போட்ட அத்தனை பச்சையும் வெளுத்துவிடும்.
பேனா முனையில் ஒரு சொட்டு திரண்டு
எந்தப் பக்கமும் விழாமல் நின்றது.

மூத்த ஆர்டிகிள் முகுந்தனிடம் சொன்னேன்:
"சார், இந்த ஃபைலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.
212 என் அம்மா."
அவர் என்னைப் பார்க்கவில்லை.
விரலைப் பார்த்தார்.
213ஐ எடுத்தார். 219, 230, 241.
ஐந்து பெயர், ஐந்து சீட்டு,
ஐந்திலும் ரேகைக்குக் குறுக்கே
ஒரே வெட்டுத் தழும்பு.
"நீ வெளியே உட்கார்" என்றார்.
படகுத்துறைக் கட்டையில் உட்கார்ந்தேன்.
உள்ளே என்ன நடந்தது என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது என்பதுதான் விதியும்.

மே மாதத் தேர்வில்
"தணிக்கையாளரின் சுதந்திரம்: குறிப்பு வரைக."
இரண்டு மதிப்பெண்.
நான்கு வரி எழுதினேன், அடித்தேன், மறுபடி அதையே எழுதினேன்.

ரகசியம் காத்தல் தனிப் பாடம்.
அதை நான் அன்றிரவே மீறியிருந்தேன்.
அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.
முழுவதும் கேட்டாள். திட்டவில்லை, பயப்படவில்லை.
விரலில் ஒட்டிய செதிலைச் சட்டி விளிம்பில் வழித்துவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"எம்பேர்ல எழுதின காசு அது.
கண்டுபிடிச்சா எனக்குத்தான தரணும்?"

புத்தகத்தைப் பின்னட்டை வரை புரட்டினேன்.
காற்று இல்லாத இரவு,
ஒவ்வொரு பக்கத்தையும் நானேதான் புரட்ட வேண்டியிருந்தது.